ஒரே ஒரு கம்ப்யூட்டரால் வீடு முழுக்க நெட் ஸ்லோ: இரண்டு பிங்கில் ஆளைப் பிடிப்பது எப்படி

வீட்டில் நெட் இழுக்க ஆரம்பித்தால் பெரும்பாலானவர்கள் முதலில் ரவுட்டரை ஆஃப் செய்து ஆன் செய்வார்கள். அதற்கும் சரியாகவில்லை என்றால் கனெக்‌ஷன் கொடுத்தவருக்கு போன் போடுவார்கள். லைன்மேன் வருவார், தன் லேப்டாப்பை மோடத்தில் நேராகச் செருகி ஸ்பீடு டெஸ்ட் ஓட்டுவார், பிளானில் சொன்ன வேகம் முழுசாக வரும். "லைன் கிளியரா இருக்குங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்புவார். அவர் சொன்னது உண்மைதான். அவர் தன் லேப்டாப்பைச் செருகுவதற்காக வீட்டுக் கேபிளைக் கழற்றினார் இல்லையா, அந்த நிமிடம் கோளாறும் சேர்ந்து கழன்றுவிட்டது. கேபிளைத் திரும்ப மாட்டியதும் அதுவும் திரும்பி வந்துவிடும்.

இந்த நிலையில் பலர் 50 எம்பிபிஎஸ் பிளானை 100க்கு மாற்றிவிடுகிறார்கள். மாதாமாதம் கூடுதலாகப் பணம் போகும், இழுவை அப்படியே இருக்கும். வீட்டுக்குள் இருக்கும் ஒரு கம்ப்யூட்டர்தான் எல்லோரையும் பிடித்து இழுக்கிறது என்றால், வெளியிலிருந்து வரும் வேகத்தைக் கூட்டுவதால் பெரிதாக ஒன்றும் மாறாது. முதலில் அது எந்தக் கம்ப்யூட்டர், எதை அடைக்கிறது என்று தெரிய வேண்டும். அதற்குக் காசு செலவில்லை, கால் மணி நேரம் போதும்.

வீட்டு நெட்டில் எல்லோரும் பங்கு போட்டுக்கொள்ளும் இடங்கள் மூன்று. ஒன்று, மோடத்திலிருந்து வெளியே போகும் லைன். இரண்டாவது, வைஃபை ஓடும் காற்று. மூன்றாவது, வீட்டுக்குள் ஓடும் கேபிளும் அதை இணைக்கும் ஸ்விட்ச் பெட்டியும் (கரண்ட் ஸ்விட்ச் இல்லை, பல நெட் கேபிள்களைச் செருகும் சின்னப் பெட்டி). ஒரு கம்ப்யூட்டர் இந்த மூன்றில் எதை வேண்டுமானாலும் கெடுக்கலாம். போனில் யூடியூப் சுற்றிக்கொண்டே நிற்பதை மட்டும் பார்த்து எது கெட்டது என்று சொல்ல முடியாது, மூன்றிலும் அப்படித்தான் சுற்றும். மருந்து மட்டும் மூன்றுக்கும் வேறு வேறு.

இரண்டு பிங்

பிங் என்றால் ஒரு முகவரிக்குச் சின்னச் செய்தி அனுப்பி, பதில் திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்ப்பது. சந்தேகப்படும் கம்ப்யூட்டரில் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். வேறொரு கம்ப்யூட்டரை எடுங்கள். முடிந்தால் அதைக் கேபிள் வழியாகவே ரவுட்டரில் செருகுங்கள், வைஃபையின் குழப்பம் நடுவில் வராது.

விண்டோஸ் பட்டனை அழுத்தி சிஎம்டி (cmd) என்று ஆங்கிலத்தில் மூன்று எழுத்து அடித்து என்டர் தட்டினால் கருப்புத் திரை ஒன்று திறக்கும். அதில் ஐபிகான்ஃபிக் (ipconfig) என்று அடியுங்கள். வரும் விவரத்தில் 'டிஃபால்ட் கேட்வே' என்ற வரிக்கு எதிரே இருப்பதுதான் உங்கள் ரவுட்டரின் முகவரி. பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று இருக்கும். ஜியோ ஃபைபர் பெட்டியில் 192.168.29.1 என்று வரும். இனி பிங் என்று அடித்து, இடைவெளி விட்டு அந்த முகவரி, இன்னொரு இடைவெளி, கழித்தல் குறி, அதை ஒட்டி டி என்ற ஆங்கில எழுத்து (ping 192.168.1.1 -t என்பது போல). என்டர் தட்டியதும் செகண்டுக்கு ஒரு வரி ஓட ஆரம்பிக்கும். இதை ஓடவிட்டு, இன்னொரு கருப்புத் திரை திறந்து 8.8.8.8 என்ற முகவரிக்கும் இதேபோல ஒரு பிங் போடுங்கள். அது கூகுளின் டிஎன்எஸ் சர்வர் (இணையதளத்தின் பெயரை அதன் எண் முகவரியாக மாற்றிக் கொடுப்பது), உங்கள் லைனைத் தாண்டி வெளியே இருப்பது. நிறுத்துவதற்குக் கன்ட்ரோலும் சி-யும் சேர்த்து அழுத்த வேண்டும்.

ஒவ்வொரு வரியிலும் 'டைம்' என்று வரும் எண்ணைத்தான் பார்க்க வேண்டும். கேபிளில் செருகிய கம்ப்யூட்டரிலிருந்து ரவுட்டருக்குப் போகும் பிங் 1 மில்லி செகண்டுக்குள் திரும்பிவிடும், வைஃபையில் 2 முதல் 10 வரை ஆகலாம். வெளியே போகும் பிங் ஒவ்வொரு கனெக்‌ஷனுக்கும் ஒரு மாதிரி இருக்கும். ஆகவே நெட் நன்றாக இருக்கும் நேரத்தில் ஒருமுறை போட்டு, வருகிற எண்ணை ரவுட்டரின் மேலேயே ஒரு சீட்டில் எழுதி ஒட்டிவையுங்கள். பின்னால் எதையும் ஒப்பிட இந்த எண் இல்லாமல் முடியாது.

இழுவை இருக்கும் நேரத்தில் இரண்டு திரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு நிமிடம் பாருங்கள். எப்போதாவது ஒரு வரி எகிறினால் கவலை இல்லை, சில ரவுட்டர்கள் வேலை அதிகமானால் பிங்குக்குப் பதில் சொல்வதைத் தள்ளிப்போடும். தொடர்ச்சியாக எகிறுவதுதான் கணக்கு.

உள்ளே போகும் பிங் 1, 1, 1 என்று அமைதியாக வர, வெளியே போவது மட்டும் 400, 780, 850 என்று ஏறி நடுநடுவே 'ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட்' வந்தால் வெளி லைன் நிரம்பிவிட்டது. கேபிளில் இரண்டுமே ஒழுங்காக இருந்து, வைஃபையில் பார்த்தால் ரவுட்டருக்கே 100, 300 என்று போனால் காற்றில் கோளாறு. கேபிளில் செருகியிருந்தும் ரவுட்டருக்கான பிங்கே எகிறினால், அல்லது மொத்தமாகச் செத்துச் செத்துப் பிழைத்தால், வீட்டுக்குள் ஓடும் ஒயரிலோ ஸ்விட்சிலோ ஏதோ நடக்கிறது.

வகை தெரிந்தபின் ஆளைத் தேடுங்கள். பிங் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு கம்ப்யூட்டராக நெட்டிலிருந்து பிரியுங்கள். ஷட் டவுன் செய்தால் போதாது, கேபிளைப் பிடுங்க வேண்டும். டெஸ்க்டாப்பை ஷட் டவுன் செய்த பிறகும் அதன் நெட்வொர்க் கார்டுக்குக் கரண்ட் போய்க்கொண்டிருக்கும், பின்னால் பச்சை விளக்கு எரிவதைப் பார்க்கலாம். கோளாறான கார்டு அந்த நிலையிலும் தொந்தரவு கொடுக்கும். எதைப் பிடுங்கியதும் எண் சட்டென்று இறங்குகிறதோ அதுதான் ஆள். திரும்பச் செருகி எண் மறுபடி ஏறுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். தற்செயலாக அந்த நேரத்தில் இறங்கியிருக்கவும் கூடும். பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் போல கீழே கடை, மேலே வீடு, இரண்டுக்கும் ஒரே கனெக்‌ஷன் என்றால் பத்துப் பன்னிரண்டு பொருள் மாட்டியிருக்கும். அங்கே ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருக்க வேண்டாம். கடைக்குப் போகும் கேபிளை மொத்தமாகப் பிடுங்குங்கள். சரியானால் ஆள் கீழே, சரியாகவில்லை என்றால் ஆள் மேலே. பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே வந்தால் நான்கு தடவையில் முடிந்துவிடும்.

வெளி லைன் நிரம்புவது

அதிகம் நடப்பது இதுதான். இங்கே எல்லோரும் தவறவிடும் விஷயம் ஒன்று உண்டு. யார் டவுன்லோடு செய்கிறார்கள் என்றே தேடுவார்கள். வீட்டையே முடக்குவது பெரும்பாலும் அப்லோடு.

நீங்கள் ஒரு வீடியோ பார்க்கும்போது டேட்டா கீழே வருகிறது. அது பாக்கெட் என்னும் சின்னத் துண்டுகளாகத்தான் வரும். ஆனால் வந்து சேர்ந்த பாக்கெட்டுகளுக்கு "கிடைத்தது" என்று உங்கள் போன் சின்னச் சின்னப் பதில்களை மேலே அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். 50 எம்பிபிஎஸ் வேகத்தில் இறங்க, அந்தப் பதில்களுக்கு மட்டும் சுமார் 1 எம்பிபிஎஸ் மேலே போக வேண்டியிருக்கும். அந்தப் பதில் போய்ச் சேரவில்லை என்றால் அனுப்புகிறவர் வேகத்தைக் குறைத்துக்கொள்வார். ஆக அப்லோடு அடைத்தால் டவுன்லோடும் படுத்துவிடும். ஸ்பீடு டெஸ்டில் டவுன்லோடு குறைவாகக் காட்டுவதைப் பார்த்து டவுன்லோடு ஆளையே தேடிக்கொண்டிருப்பது இதனால்தான்.

அடைப்பு எப்படி உருவாகிறது? ஒரு லேப்டாப் கேபிளிலோ வைஃபையிலோ ரவுட்டருக்கு 300, 1000 எம்பிபிஎஸ் வேகத்தில் டேட்டாவைக் கொட்டும். ரவுட்டரால் வெளியே அனுப்ப முடிவது, உதாரணத்துக்கு, 10 எம்பிபிஎஸ். மீதியை மோடமும் ரவுட்டரும் தங்கள் மெமரியில் வரிசையில் நிறுத்தும். அந்த வரிசை 1 மெகாபைட் என்று வைத்துக்கொள்வோம். 1 மெகாபைட் என்றால் 8 மெகாபிட். 10 எம்பிபிஎஸ்ஸில் அது வெளியேற 0.8 செகண்ட், அதாவது 800 மில்லி செகண்ட். எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும்போது நடுவில் மாட்டிய டூவீலர்காரர் நிலைதான் இங்கே உங்கள் வாட்ஸ்அப் காலுக்கு. அவர் கொண்டுபோவது சின்னப் பைதான், ஆனாலும் முன்னால் நிற்கும் லாரி எல்லாம் நகர்ந்தால்தான் அவர் நகர முடியும். பிங் எண் 800 என்று காட்டுவது இந்த வரிசையின் நீளத்தைத்தான்.

யார் இவ்வளவு அனுப்புகிறார்கள் என்றால், பெரும்பாலும் உட்கார்ந்து வேலை செய்கிற மனிதர் இல்லை. ஒன்டிரைவும் கூகுள் டிரைவும் போட்டோ ஃபோல்டரை பேக்கப் எடுத்துக்கொண்டிருக்கும். கல்யாண ஆல்பம் 20 ஜிபி இருந்தால் 10 எம்பிபிஎஸ் அப்லோடில் அது ஏற நாலரை மணி நேரம் ஆகும், அதுவரை வீடு முழுக்க இழுவை. எப்போதோ இறக்கிய டோரன்ட், இறக்கி முடிந்த பிறகும் மற்றவர்களுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் டெலிவரி ஆப்டிமைசேஷன் என்று ஒன்று உண்டு. இறக்கிய அப்டேட்டை மற்ற கம்ப்யூட்டர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கும், அமைப்பைப் பொறுத்து இன்டர்நெட்டில் இருக்கும் கம்ப்யூட்டர்களுக்கும் கொடுக்கும். கொளத்தூரில் வண்ணமீன் கடை வைத்திருப்பவர்களும் எம்.சி. ரோட்டில் துணிக்கடை வைத்திருப்பவர்களும் இப்போது தினம் வீடியோ ஏற்றுகிறார்கள். 1 ஜிபி வீடியோ 10 எம்பிபிஎஸ்ஸில் ஏறப் பதின்மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகும். மாலை ஆறு மணிக்குக் கடையில் ஏற்ற ஆரம்பித்தால் மேலே பிள்ளைகளின் ஆன்லைன் டியூஷன் திக்கும்.

சந்தேகக் கம்ப்யூட்டரில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கத்தில் ஈதர்நெட் அல்லது வைஃபையைத் தட்டினால் 'சென்ட்', 'ரிசீவ்' என்று இரண்டு எண் தெரியும். சென்ட் எண் உங்கள் பிளானின் அப்லோடு வேகத்துக்குப் பக்கத்தில் போய் நிலையாக நின்றால் சந்தேகமே வேண்டாம். எந்த ப்ரோகிராம் என்று பார்க்க ரெஸ்மான் (resmon) என்று விண்டோஸ் தேடலில் அடித்து ரிசோர்ஸ் மானிட்டரைத் திறந்து 'நெட்வொர்க்' பக்கத்துக்குப் போங்கள். அங்கே சென்ட் என்ற தலைப்பின் மேல் ஒருமுறை கிளிக் செய்தால் அதிகம் அனுப்புவது மேலே வரும். அளவு இங்கே பைட்டில் இருக்கும், பிளான் பிட்டில் இருக்கும். எட்டால் பெருக்கிப் பாருங்கள். செகண்டுக்கு 12,00,000 பைட் என்று காட்டினால் அது கிட்டத்தட்ட 10 எம்பிபிஎஸ்.

ஆள் தெரிந்ததும் அவனை நிறுத்த வேண்டியதில்லை, வேகத்தைக் கட்டினால் போதும். ஒன்டிரைவ், கூகுள் டிரைவ், டோரன்ட் மூன்றிலும் செட்டிங்ஸில் அப்லோடு வேகத்துக்கு உச்சவரம்பு போட இடம் உண்டு. கிலோபைட்டில் கேட்கும். 10 எம்பிபிஎஸ் அப்லோடு உள்ள வீட்டில் 500 போடுங்கள், அது 4 எம்பிபிஎஸ். மீதி 6 மற்றவர்களுக்கு. டெலிவரி ஆப்டிமைசேஷனை விண்டோஸ் அப்டேட்டின் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' உள்ளே போய் அணைத்துவிடுங்கள், வீட்டுக் கம்ப்யூட்டரில் அதற்கு அவசியமில்லை. அவசரத்துக்கு ஒரே தட்டில் தீர்வு வேண்டும் என்றால், அந்தக் கம்ப்யூட்டரின் நெட்வொர்க் ப்ராப்பர்ட்டீஸில் 'மீட்டர்டு கனெக்‌ஷன்' என்பதை ஆன் செய்யுங்கள். விண்டோஸ் தன் பெரும்பாலான அப்டேட்டுகளைத் தள்ளிப்போடும், ஒன்டிரைவும் பேக்கப்பை நிறுத்திவைக்கும்.

இதைவிட நல்ல வழி ரவுட்டரிலேயே கட்டுவது. பல ரவுட்டர்களில் பேண்ட்வித் கன்ட்ரோல் அல்லது கியூஓஎஸ் என்ற பக்கம் இருக்கும். அதில் மொத்த அப்லோடு வேகமாக, அளந்து பார்த்த வேகத்தில் 85 முதல் 90 சதவீதம் மட்டும் போடுங்கள். 10 கிடைத்தால் 9 அல்லது 8.5. கொஞ்சம் வேகம் இழந்தாற்போல இருக்கும், ஆனால் வரிசை மோடத்தில் சேராமல் உங்கள் ரவுட்டரின் கட்டுப்பாட்டில் நிற்கும். ரவுட்டரில் எஃப்க்யூ கோடல் (fq_codel) அல்லது கேக் (cake) என்ற பெயர்கள் தென்பட்டால் அதையே தேர்ந்தெடுங்கள். வீட்டு நெரிசலுக்கு இன்றைக்கு இருப்பதில் சிறந்தவை அவை. ஒவ்வொருவர் பாக்கெட்டையும் தனித்தனி வரிசையில் நிறுத்தி மாற்றி மாற்றி விடும். கனெக்‌ஷனுடன் இலவசமாக வரும் பெட்டிகள் பலவற்றில் இந்த வசதி இருக்காது. அப்படியென்றால் தனியாக ஒரு ரவுட்டர் வாங்கி அந்தப் பெட்டிக்குப் பின்னால் வைத்து, வீட்டுப் பொருள்கள் எல்லாவற்றையும் அதில் மட்டும் இணைக்க வேண்டும்.

ரிசோர்ஸ் மானிட்டரில் பெயர் புரியாத ஒரு ப்ரோகிராம் ராப்பகலாக அனுப்பிக்கொண்டிருந்தால் அதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கிராக் செய்த சாஃப்ட்வேரோடு ஒட்டிக்கொண்டு வந்ததாக இருக்கலாம். சில இலவச விபிஎன்கள் உங்கள் லைனை முன்பின் தெரியாதவர்களுக்கு வழியாகத் திறந்துவிடுவதும் உண்டு. அந்த வழியாக யாரோ செய்வது உங்கள் பெயரிலுள்ள கனெக்‌ஷனில்தான் பதிவாகும். கேபிளைப் பிடுங்கிவிட்டு, விண்டோஸ் செக்யூரிட்டியின் 'ஸ்கேன் ஆப்ஷன்ஸ்' உள்ளே இருக்கும் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன் ஓட்டுங்கள். கம்ப்யூட்டர் தானே ரீஸ்டார்ட் ஆகி விண்டோஸ் திறப்பதற்கு முன்பே தேடும்.

காற்றைத் தின்னும் லேப்டாப்

வைஃபையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். ஒரே சேனலில் இருக்கும் மற்ற எல்லோரும் அதுவரை காத்திருப்பார்கள். ஆகவே எவ்வளவு டேட்டா என்பதைவிட, அதை அனுப்ப எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறார் என்பதே முக்கியம். 1,500 பைட் பாக்கெட் ஒன்றை 300 எம்பிபிஎஸ் இணைப்பில் அனுப்ப 0.04 மில்லி செகண்ட் போதும். இரண்டு சுவர் தள்ளி சிக்னல் மங்கி 6 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கிய லேப்டாப்புக்கு அதே பாக்கெட்டை அனுப்ப 2 மில்லி செகண்ட். ஐம்பது மடங்கு. பாவம், அந்த லேப்டாப்பில் ஓடுவது ஒரே ஒரு வீடியோவாகக்கூட இருக்கலாம். காற்றில் பாதியை அது எடுத்துக்கொண்டிருக்கும்.

ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கத்துப் பழைய வீடுகள் ரயில் பெட்டி மாதிரி நீளமானவை, சுவரும் தடிமன். வாசல் அறையில் ரவுட்டர், கடைசி அறையில் கம்ப்யூட்டர் என்றால் இந்தக் கோளாறு வந்தே தீரும். ரவுட்டருக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே இரும்பு பீரோ நின்றால் இன்னும் மோசம். சந்தேகக் கம்ப்யூட்டரின் கருப்புத் திரையில் நெட்எஸ்எச், டபிள்யூலான், ஷோ, இன்டர்ஃபேசஸ் என்ற நான்கு சொல்லையும் (netsh wlan show interfaces) ஆங்கிலத்தில் இடைவெளி விட்டு அடித்தால் 'ரிசீவ் ரேட்', 'டிரான்ஸ்மிட் ரேட்', 'சிக்னல்' மூன்றும் வரும். ரேட் இரண்டு இலக்கத்துக்குக் கீழே போயிருந்தால், அல்லது 20க்குள் தடுமாறினால், ஆள் இதுதான். லேப்டாப்பைத் தூக்கி ரவுட்டர் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மற்றவர்களின் வேகம் உடனே திரும்பினால் உறுதி.

டெஸ்க்டாப்பில் இது வேறு விதமாக வரும். நகம் அளவு வைஃபை டாங்கிளை பின்பக்கத்து யூஎஸ்பியில் செருகி, இரும்புப் பெட்டியை மேசைக்கு அடியில் சுவரை ஒட்டித் தள்ளியிருப்பார்கள். சிக்னல் அந்த இரும்பைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். ஒரு மீட்டர் யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிள் வாங்கி டாங்கிளை மேசை மேலே கொண்டுவந்தாலே ரேட் பல மடங்கு ஏறும். யூஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க் பக்கத்தில் இருந்தால் அதையும் தள்ளிவையுங்கள். அதன் கேபிளும் சாக்கெட்டும் வேலை செய்யும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சலைக் கிளப்பும். ஹார்ட் டிஸ்கில் காப்பி ஓடும் நேரத்தில் மட்டும் அந்தக் கம்ப்யூட்டரின் வைஃபை திணறி, அதன் பின்னே மற்றவர்களும் திணறுவது இதனால்.

அந்த ஒரு கம்ப்யூட்டருக்குக் கேபிள் இழுத்துவிடுவதே உறுதியான தீர்வு. ஒரே இடத்தில் உட்காரும் டெஸ்க்டாப்பை வைஃபையில் வைத்திருப்பதற்குக் காரணமே இல்லை. கேபிள் இழுக்க முடியாத வாடகை வீடு என்றால் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிப் பாருங்கள், சுவர் ஒன்றுக்கு மேல் போனால் அது எடுபடாது. வியாசர்பாடி, எம்.கே.பி. நகர் போன்ற இடங்களில் ஹவுசிங் போர்டு பிளாக்கில் இருந்தால் பக்கத்து வீட்டு வைஃபை பெயர்கள் வரிசையாகத் தெரியும். அங்கே 2.4 கிகாஹெர்ட்ஸில் சேனலை 1, 6, 11 மூன்றில் கூட்டம் குறைந்த ஒன்றில் வைத்து, அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸுக்குக் குறையுங்கள். ரவுட்டரில் 'ஏர்டைம் ஃபேர்னஸ்' என்று ஒரு வசதி இருந்தால் ஆன் செய்யுங்கள். மெதுவான கம்ப்யூட்டருக்கும் மற்றவர்களுக்குக் கொடுக்கும் அளவு நேரம் மட்டுமே கொடுக்கும்.

ஒயரிலேயே கோளாறு

இது அரிது. வந்தால் வீடு முழுக்க ஒரே நேரத்தில் முடங்கும், காரணம் தெரியாமல் ஆட்கள் ரவுட்டரையே மாற்றிவிடுவார்கள்.

முதலில் லூப்பைப் பாருங்கள். பெருக்கும்போது கழன்ற கேபிளை யாரோ நல்ல எண்ணத்தில் காலியாக இருந்த ஓட்டையில் செருகியிருப்பார்கள். இரண்டு முனையும் ஒரே ஸ்விட்சில் போயிருக்கும். எல்லோருக்குமாக அனுப்பப்படும் பாக்கெட்டுகள் அதில் நிற்காமல் சுற்றிப் பெருகும். ஸ்விட்சில் எல்லா விளக்கும் ஒரே தாளத்தில் வெறிபிடித்தாற்போல மின்னும். ஒரு முனையைப் பிடுங்கிய நொடியில் அடங்கும்.

அடுத்தது, ஹேங் ஆன கம்ப்யூட்டர். நெட்வொர்க் கார்டுக்குத் தாங்க முடியாத அளவு டேட்டா வந்தால் "கொஞ்சம் நிறுத்து" என்று ஸ்விட்சுக்குச் சொல்லும் ஏற்பாடு ஒன்று உண்டு, அதற்கு பாஸ் ஃப்ரேம் என்று பெயர். ஜிகாபிட் கேபிளில் ஒரு பாஸ் ஃப்ரேம் அதிகபட்சம் 33 மில்லி செகண்ட் நிறுத்தும். விண்டோஸ் உறைந்துபோனால் வந்த டேட்டாவை எடுக்க ஆளில்லாமல் கார்டின் மெமரி நிரம்பி, அது "நிறுத்து, நிறுத்து" என்று தொடர்ந்து அனுப்பிக்கொண்டே இருக்கும். விலை குறைந்த ஸ்விட்ச் அதை நம்பி அந்த ஓட்டைக்கான பாக்கெட்டுகளைத் தன் மெமரியில் சேர்க்கும், மெமரி நிரம்பியதும் மற்ற ஓட்டைகளையும் நிறுத்தச் சொல்லும். உறைந்தது ஒரு கம்ப்யூட்டர், நின்றது எல்லோருக்கும். இரவில் கம்ப்யூட்டரை அப்படியே விட்டுப் படுத்து, காலையில் வீட்டில் யாருக்குமே நெட் இல்லை, அந்தக் கேபிளைப் பிடுங்கியதும் வந்துவிட்டது என்றால் இதை நினையுங்கள். டிவைஸ் மேனேஜரில் அந்த நெட்வொர்க் கார்டின் ப்ராப்பர்ட்டீஸ், 'அட்வான்ஸ்டு' பக்கத்தில் 'ஃப்ளோ கன்ட்ரோல்' என்பதை டிஸேபிள் செய்யுங்கள், டிரைவரையும் புதுப்பியுங்கள். வீட்டு உபயோகத்தில் அதை அணைப்பதால் நஷ்டமில்லை.

மற்ற கம்ப்யூட்டர்களில் ஐபிகான்ஃபிக் போட்டால் 192.168.137 என்று ஆரம்பிக்கும் முகவரி வருகிறதா? ஏதோ ஒரு விண்டோஸ் கம்ப்யூட்டரில் இன்டர்நெட் ஷேரிங் ஆன் ஆகியிருக்கிறது. அது தன்னையே ரவுட்டர் என்று நினைத்து முகவரி கொடுத்துக்கொண்டிருக்கிறது, எல்லோருடைய நெட்டும் அதன் வழியாகப் போகிறது. அதன் நெட்வொர்க் ப்ராப்பர்ட்டீஸில் 'ஷேரிங்' பக்கத்துக்குப் போய் அணைத்தால் போதும். கையால் முகவரி போட்ட கம்ப்யூட்டர், தெரியாமல் ரவுட்டரின் முகவரியையே எடுத்துக்கொண்டாலும் இதே மாதிரி விட்டு விட்டு முடங்கும். அதை ஆட்டோமேட்டிக்குக்கு மாற்றிவிடுங்கள்.

கேபிள் முனையையும் பாருங்கள். காசிமேடு, திருவொற்றியூர் போலக் கடலை ஒட்டிய பகுதிகளில் உப்புக் காற்று சும்மா விடாது. ஆர்ஜே45 முனையைக் கழற்றி வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் எட்டு தகடுகள் தெரியும். பொன்னிறமாகப் பளபளக்க வேண்டியவை கருத்தோ, ஓரத்தில் பச்சைப் பொடி பூத்தோ இருந்தால் வெட்டி எறிந்து புதிதாக கிரிம்ப் செய்யுங்கள். வரிசை இதுதான்: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பிரவுன், பிரவுன். 1000 எம்பிபிஎஸ்ஸுக்கு எட்டு ஒயரும் வேண்டும்; 100க்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கே போதும். ஆகவே மீதி நான்கில் ஒரு ஒயர் போனால் பெரும்பாலும் லைன் சாகாது, 100க்கு இறங்கிச் சத்தமில்லாமல் ஓடும். அது ஒரு கம்ப்யூட்டரின் கேபிள் என்றால் அதற்கு மட்டும் நஷ்டம். கீழிருந்து மாடிக்குப் போகும் கேபிள் என்றால் மாடி முழுவதற்கும் நஷ்டம். ரிச்சி ஸ்ட்ரீட்டில் புதுக் கேபிள் வாங்கும்போது கேட் 6, முழு காப்பர் என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியத்துக்குக் காப்பர் முலாம் பூசியது விலை குறைவு. ஆனால் வளைத்தால் முறியும், உப்புக் காற்றில் சீக்கிரம் அரிக்கும்.

இரண்டு பிங்கும் நன்றாக இருந்தால்

அப்போது நெட்வொர்க்கில் அடைப்பில்லை. பக்கம் திறக்க ஆரம்பிக்க மட்டும் நேரமாகிறது, திறந்தபின் வேகம் என்றால் டிஎன்எஸ்ஸை 8.8.8.8 அல்லது 1.1.1.1 ஆக மாற்றிப் பாருங்கள். ஒரே கம்ப்யூட்டரில் மட்டும் மெதுவாக, மற்றவர்களுக்கு வேகமாக இருந்தால் அந்தக் கம்ப்யூட்டரின் டிஸ்க், மெமரி, பிரவுசர் எக்ஸ்டென்ஷன் இவற்றைப் பார்க்க வேண்டும், அது வேறு கதை.

எல்லாவற்றையும் பிடுங்கி, வைஃபையையும் அணைத்து, ஒரே ஒரு நல்ல கம்ப்யூட்டரை மட்டும் கேபிளில் விட்ட பிறகும் வெளியே போகும் பிங் எகிறுகிறது என்றால் இனி கனெக்‌ஷன்காரருக்கு போன் போடலாம். "நெட் ஸ்லோ" என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்தத் தேதி, எத்தனை மணி, கேபிளில் ஒரே கம்ப்யூட்டர், ரவுட்டருக்கு 1 மில்லி செகண்ட், 8.8.8.8க்கு இத்தனை, நூறு பிங்கில் எத்தனை டைம் அவுட் என்று சொல்லுங்கள். திரையைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். மோடத்தில் 'லாஸ்' (LOS) என்ற விளக்கு சிவப்பாக எரிகிறதா என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். எரிந்தால் ஃபைபரில் வெளிச்சமே வரவில்லை என்று பொருள். வரும் ஆள் ஃபைபரை ஒட்டும் ஸ்பிளைசிங் மெஷினையும் அதில் வரும் வெளிச்சத்தை அளக்கும் பவர் மீட்டரையும் கையோடு எடுத்து வர வேண்டியிருக்கும்.